மரத்தில் புல்லுருவி: அரிவாளோடு இறங்கலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 62. சிங்கப்பூரில், புக்கிட் பாஞ்சாங்கில் இருக்கிறேன். காலையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் பழைய ரயில் பாதையில் ஹில்வியூ பக்கம் நடக்கப் போவோம். ஒரு பக்கம் புக்கிட் தீமா, இன்னொரு பக்கம் புக்கிட் கோம்பாக், நடுவில் இந்தப் பள்ளத்தாக்கு. அங்கே ஜம்பு லாவுட் மரங்களில் புல்லுருவி கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. சில கிளைகளின் நுனி காய்ந்தே போய்விட்டது. சில மரங்களில் கூடு மாதிரி பெரிய செடி உட்கார்ந்திருக்கிறது. வேறு சில மரங்களைக் கொடி முழுக்க மூடிவிட்டது. பட்டுக்கோட்டையில் எங்கள் அப்பா மாமரத்தில் புல்லுருவியைக் கண்டால் அன்றைக்கே வெட்டிவிடுவார். இங்கே யாரும் கண்டுகொள்வதாகத் தெரியவில்லை. இந்த மண்ணின் மரங்கள் கண்முன்னே சாகின்றனவே! எங்கள் குழு தொரட்டியும் அரிவாளும் எடுத்துப் போய் வெட்டலாமா? மருந்து அடிக்கலாம் என்கிறார் ஒருவர். இன்னொருவர் அந்த இலையைக் கஷாயம் வைத்துக் குடித்தால் ரத்த அழுத்தம் குறையும், பறித்துத் தாருங்கள் என்கிறார். என் தம்பி வீட்டு மாமரத்திலும் இரண்டு கொத்து இருக்கிறது. என்ன செய்யட்டும்?

– வாசகி, புக்கிட் பாஞ்சாங்

பதில்:

அம்மா, வணக்கம்.

அரிவாள் வேண்டாம். மருந்தும் வேண்டாம். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும். உங்கள் கடிதத்தின் வேகத்தைப் பார்த்தால் குழு இந்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிவிடும் போலிருக்கிறது. இலை கொட்டுகிறது, கார்மேல் காய் விழுகிறது, இந்த மரத்தை எடுத்துவிட முடியுமா என்று கேட்டுத்தான் எனக்கு நிறையக் கடிதங்கள் வரும். மரம் சாகிறதே என்று பதறி ஒருவர் எழுதியிருப்பதைப் படித்தபோது மனசு நிறைந்துவிட்டது. அந்த அக்கறை சரியான இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நீங்கள் பார்த்தது ஒரே பிரச்சினை இல்லை. மூன்று தனித்தனி விஷயங்கள். கூடு மாதிரி உட்கார்ந்திருப்பது பறவைக்கூட்டுப் பெரணி. அது மரத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூட எடுப்பதில்லை. மேலேயிருந்து விழும் சருகைத் தன் நடுக்குழியில் பிடித்து, மட்கவைத்து, அதிலேயே வேர்விட்டுப் பிழைத்துக்கொள்கிறது. மான்கொம்புப் பெரணி, பட்டையை ஒட்டியே ஓடும் சின்னச் சின்ன வட்ட இலைப் பெரணி, புறா ஆர்கிட் எல்லாம் இதே வகைதான். மரம் அவற்றுக்கு உட்கார இடம் தருகிறது, அவ்வளவே. புறா ஆர்கிட்டைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கனமழை கொட்டித் திடீரென்று குளிர்ந்தால், அதிலிருந்து சுமார் 9 நாள் கழித்து அந்த வட்டாரத்துச் செடிகள் எல்லாம் ஒரே நாளில் பூக்கும். ஒரு நாள்தான், வாடிவிடும். அடுத்த பெருமழைக்குப் பிறகு தேதியைக் குறித்துவைத்து நடந்து பாருங்கள்.

இப்போது புல்லுருவிக்கு வருவோம். சிங்கப்பூரில் நாம் அதிகம் பார்ப்பது டென்ட்ரோப்தே பென்டாண்ட்ரா என்னும் இனம். மலாய்க்காரர்கள் டெடாலு என்பார்கள். உங்கள் அப்பா மாமரத்தில் வெட்டியது பெரும்பாலும் இதன் நெருங்கிய உறவான டென்ட்ரோப்தே ஃபால்கேட்டாவாக இருக்கும். இரண்டும் பகுதி ஒட்டுண்ணிகள். இலை பச்சையாக இருக்கிறது பாருங்கள், தன் உணவைத் தானே சமைத்துக்கொள்கிறது. அதற்கு வேண்டிய தண்ணீரையும் உப்புச் சத்துகளையும் மட்டும் மரத்திலிருந்து எடுக்கிறது. அடுக்குமாடியில் மேல்வீட்டுக்குப் போகும் தண்ணீர்க் குழாயில் நடுவே ஒருவர் இணைப்புக் கொடுத்துக்கொண்டால் எப்படியோ, அப்படி. குழாயில் தண்ணீர் தாராளமாக வரும்வரை மேல்வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது. அழுத்தம் குறையும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

நீங்கள் சொன்ன காய்ந்த நுனிக்குக் காரணம் இதுதான். அடுத்த முறை பைனாகுலர் கொண்டுபோய், கொத்து கிளையோடு சேரும் இடத்தைப் பாருங்கள். அந்த இடத்தில் கிளை முடிச்சு விழுந்து புடைத்திருக்கும். புடைப்புக்கு அடிமரப் பக்கம் கிளை தடிமனாக, நன்றாக இருக்கும். புடைப்பைத் தாண்டி நுனிப் பக்கம் போகப் போக மெலிந்து, மரத்தின் சொந்த இலைகள் சிறுத்து, கடைசியில் வெறும் குச்சியாக நிற்கும். இன்னும் கூர்ந்து பார்த்தால் புடைப்பிலிருந்து பழுப்பு நிறத்தில் வேர் போன்ற தண்டுகள் பட்டைமேல் ஊர்ந்து போவதும், போகும் வழியில் ஆங்காங்கே கிளைக்குள் உறிஞ்சு வேரை இறக்கியிருப்பதும் தெரியும். மேலே தெரியும் கொத்தை மட்டும் தொரட்டியால் இழுத்துப் பிய்த்தால் என்ன ஆகும் என்று இப்போது புரிந்திருக்கும். ஊர்ந்து போன தண்டிலிருந்து மறுபடி துளிர்க்கும்; ஒன்று இருந்த இடத்தில் நாலு வரும்.

ஆனால் நுனி காய்ந்த கிளை வேறு, சாகும் மரம் வேறு. தெம்பாக இருக்கும் பெரிய மரம் சில கொத்துகளைத் தாங்கிக்கொண்டு பல ஆண்டுகள் நன்றாகவே வாழும். வேர் வெட்டுப்பட்ட மரம், அடிமண் இறுகிப்போன மரம், தண்டில் காளான் பிடித்த மரம் ஆகியவற்றுக்குத்தான் புல்லுருவி கூடுதல் பாரம். வறட்சி வந்தால் இன்னும் கஷ்டம். தண்ணீர் குறையும்போது மரம் தன் இலைத்துளைகளை மூடிச் சிக்கனம் பிடிக்கும். புல்லுருவி அந்த அளவுக்கு மூடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். 2014 ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி முதல் வாரம்வரை இங்கே 27 நாள் மழையே இல்லாமல் போனது நினைவிருக்கும். அந்த மாதிரிக் காலத்தில் ஏற்கெனவே நலிந்த மரம் விழுந்துவிடலாம். ஆகவே இலை வாடிய மரத்தில் நிறையப் புல்லுருவியைக் கண்டால், வேரில் என்ன ஆயிற்று, பக்கத்தில் யாராவது பள்ளம் தோண்டினார்களா என்றுதான் நான் முதலில் தேடுவேன்.

சரி, உங்கள் கண்ணுக்கு மட்டும் இவ்வளவு கொத்து படுவது ஏன்? நீங்கள் நடப்பது காட்டின் ஓரத்தில். புல்லுருவிக்கு வெயில் வேண்டும். அதைப் பரப்பும் பறவைக்குத் திறந்தவெளி வேண்டும். ரயில் பாதை இரண்டையும் தருகிறது. செம்முதுகுப் பூக்கொத்தியைப் பார்த்திருப்பீர்கள், பெயர்தான் தெரிந்திருக்காது. 9 சென்டிமீட்டர்தான் இருக்கும். ஆண் பறவைக்கு உச்சந்தலையிலிருந்து வால் அடிவரை முதுகில் பளீரென்று ஒரு சிவப்புப் பட்டை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் மரங்களிலும் ‘டிக் டிக்’ என்று கத்திக்கொண்டு திரியும். புல்லுருவிப் பழத்தை இது விழுங்கினால் சதை மட்டும் சீக்கிரமாகச் செரித்து, விதை பசையோடு அப்படியே வெளியே வரும். அந்தப் பசை லேசில் விடாது. பறவை கிளைமேல் பின்பக்கத்தைத் தேய்த்துத்தான் விதையைக் கழற்ற வேண்டும். தேய்த்த இடத்தில் விதை ஒட்டிக்கொள்கிறது, சில நாளில் முளைக்கிறது. பழம் இருக்கும் மரத்துக்கே பறவை திரும்பத் திரும்ப வருவதால், ஒரு மரத்தில் பத்துக் கொத்தும் பக்கத்து மரத்தில் ஒன்றுமே இல்லாமலும் இருக்கும்.

இந்தப் பள்ளத்தாக்கின் மரங்களை ‘இந்த மண்ணின் மரங்கள்’ என்று எழுதியிருந்தீர்கள். எனக்குப் பிடித்த வரி அது. ஆனால் அந்தப் புல்லுருவியும் இந்த மண்ணுடையதுதான், அம்மா. எங்கிருந்தோ வந்து புகுந்ததல்ல. அதன் குழல் பூவில் தேன்சிட்டு தேன் குடிக்கிறது. பெயின்டட் ஜெசபெல் என்று ஒரு வண்ணத்துப்பூச்சி உண்டு. சிறகு மடித்து உட்கார்ந்தால் மஞ்சளும் சிவப்புமாகப் பளிச்சென்று தெரியும். அதன் புழுக்களுக்குப் புல்லுருவி இலைதான் சாப்பாடு. மஞ்சள் நிறத்தில், நீண்ட மயிரோடு, ஒரே கொத்தில் கூட்டமாக மேய்ந்துகொண்டிருக்கும். கொத்தை வெட்டிப் போட்டால் அத்தனையும் பட்டினி. ஊரில் நீங்கள் பார்த்த, இதே சாயலுள்ள வண்ணத்துப்பூச்சியும் புல்லுருவியை நம்பித்தான் பிழைக்கிறது.

புல்லுருவியை அடியோடு எடுத்துவிட்டால் காடு நன்றாகிவிடுமா என்பதை ஆஸ்திரேலியாவில் நிஜமாகவே செய்து பார்த்தார்கள். டேவிட் வாட்சன் என்ற சூழலியலாளரும் அவர் சகாவும் காட்டுத் துண்டுகள் பலவற்றிலிருந்து புல்லுருவியை அகற்றிவிட்டு, மூன்று ஆண்டு கழித்துப் பறவைகளைக் கணக்கெடுத்தார்கள். 2012இல் வெளியான முடிவு: காட்டையே நம்பி வாழும் பறவை இனங்கள் கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தன. புல்லுருவிப் பழத்தைத் தொடவே தொடாத, தரையில் பூச்சி பொறுக்கித் தின்னும் பறவைகளும் அதில் நிறைய. புல்லுருவி இலை சத்தோடு உதிர்வதால் மரத்தடி மண்ணில் பூச்சி பெருகுகிறது, அதனால் பறவை வருகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். நம் காடு யூகலிப்டஸ் காடு அல்ல. அந்தக் கணக்கை அப்படியே இங்கே போட முடியாது. இருந்தாலும், காட்டுக்குள் ஒரு செடியை ‘கெட்டது’ என்று முத்திரை குத்தி அழிக்கும் முன் நான் இதை நினைத்துக்கொள்வேன். நாம் சாமிக்கு அரைக்கும் சந்தனம்கூட ஒட்டுண்ணி மரம்தானே! மண்ணுக்கடியில் பக்கத்துச் செடிகளின் வேரிலிருந்து உறிஞ்சித்தான் வளர்கிறது. சந்தனக் கன்று நடுபவர்கள் கூடவே துவரையோ வேறு செடியோ நடுவது அதற்காகத்தான்.

அப்படியானால் வெட்டவே கூடாதா என்று கேட்பீர்கள். வெட்ட வேண்டிய இடம் உண்டு. நடைபாதைக்கோ விளையாட்டுத் திடலுக்கோ மேலே நீண்டிருக்கும் கிளையில் பெரிய கொத்து பாரமாகத் தொங்கினால், அல்லது மரத்தின் சொந்த இலையைவிடப் புல்லுருவி இலை அதிகமாகத் தெரிந்தால், பயிற்சி பெற்றவர் ஏறிப் பார்க்க வேண்டும். கிளை காய்ந்து தொங்குவது, தண்டின் அடியில் காளான், மரம் புதிதாகச் சாய்வது, வேர்ப் பக்கம் மண் வெடித்திருப்பது ஆகியவை அதைவிட அவசரம். இப்படி எதையாவது கண்டால் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, ஒன்சர்விஸ் செயலியில் போடுங்கள். தேசியப் பூங்காக் கழகமோ நகர மன்றமோ, அந்த நிலம் யார் பொறுப்போ அவர்களுக்குப் போய்ச் சேரும். ‘மரத்தில் புல்லுருவி’ என்று மட்டும் எழுதாதீர்கள். ‘நடைபாதைக்கு மேல் கிளை, நுனி காய்ந்திருக்கிறது, கொத்து பெரிது’ என்று எழுதினால் வருகிறவருக்கு என்ன கொண்டுவர வேண்டும் என்று தெரியும்.

நீங்களாக வெட்டக் கூடாது என்பதற்குச் சட்டமும் காரணம். பூங்காக்கள், இயற்கை வனப்பகுதிகளில் அனுமதியில்லாமல் செடியை வெட்டுவதும் பறிப்பதும் குற்றம். இயற்கை வனப்பகுதி என்றால் அபராதம் 50,000 வெள்ளிவரை போகலாம். அதைவிட எனக்குப் பெரிய கவலை உங்கள் உடம்பு. அண்ணாந்து தொரட்டி போட்டு இழுக்கும்போது காய்ந்த கிளையும் சேர்ந்து வரும், தலைமேலேயே.

மருந்து விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊரில் தோப்புக்காரர்கள் மயில்துத்தம், 2,4-டி என்ற களைக்கொல்லி, டீசல் கலந்த சோப்புக் கரைசல் என்று பலதும் பயன்படுத்துவார்கள். புல்லுருவியின் உள்குழாயும் மரத்தின் உள்குழாயும் இணைந்திருப்பதால், களைக்கொல்லி அங்கே மட்டும் நின்றுவிடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. பள்ளத்தாக்கில் அடித்தால் மழை அதை ஓடைக்கு அடித்துப் போகும். ஓடையில் தவளையும் மீனும் இருக்கின்றன. வேண்டவே வேண்டாம்.

கஷாயம் கேட்கிறவருக்கும் இதையே சொல்லுங்கள். நாட்டு வைத்தியத்தில் புல்லுருவிக்கு இடம் உண்டு, ஜாவாக்காரர்களும் காய்ச்சிக் குடிப்பார்கள். ஆனால் எந்த மரத்தில் வளர்கிறதோ அந்த மரத்தின் நச்சும் இதில் ஏறலாம். அரளியில் வளர்ந்த டென்ட்ரோப்தே ஃபால்கேட்டாவில், அரளியில் இருக்கும் அதே வகை இதய நச்சுகளை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர், எந்த மரத்து இலை என்று தெரியாமல் இதைக் குடிப்பது விபரீதம். நண்பரானாலும் பறித்துத் தராதீர்கள்.

உங்கள் தம்பி வீட்டு மாமரம் வேறு கதை. அது பழத்துக்காக வளர்க்கும் மரம், அவர் தோட்டத்தில் இருக்கிறது, இரண்டே கொத்து. அங்கே உங்கள் அப்பா செய்ததுதான் சரி. பழம் பழுக்கும் முன்பே வெட்டிவிட்டால் பறவை விதையை மற்றக் கிளைகளுக்குக் கொண்டு போகாது. கொத்தை மட்டும் வெட்டாமல், ஊர்ந்து போன தண்டு எங்கே முடிகிறது என்று பார்த்து, அதற்கும் 30 சென்டிமீட்டர் அடிமரப் பக்கம் தள்ளிக் கிளையோடு வெட்ட வேண்டும். அந்த அளவில் வெட்டினால் மொட்டைக் குச்சி மட்டும் மிஞ்சும் என்றால், கிளை பிறக்கும் இடத்தில் ஒரு வளையம் போலத் தடித்திருக்கும் பகுதியை விட்டுவிட்டு அதன் வெளி ஓரத்திலேயே வெட்டிவிடலாம். காயம் தானாக மூடிக்கொள்ளும். பெயின்ட், தார் எதுவும் பூசத் தேவையில்லை. கொத்து அடிமரத்திலேயே இருந்தால் அப்படி வெட்ட முடியாது. அதை ஒட்ட நறுக்கி, வெளிச்சம் புகாத கறுப்பு பிளாஸ்டிக்கை அந்த இடத்தில் தளர்வாகச் சுற்றிக் கட்டி ஒன்றிரண்டு ஆண்டு விட்டுப் பார்க்கலாம். வெயில் கிடைக்காத புல்லுருவி பெரும்பாலும் செத்துவிடும். ஏணி போட வேண்டிய உயரம் என்றால் மரம் வெட்டப் பயிற்சி பெற்ற ஆளையே கூப்பிடச் சொல்லுங்கள். ‘வந்ததுதான் வந்தேன்’ என்று அவர் மரத்தின் தலையை மொட்டையடிக்க முன்வந்தால் சம்மதிக்க வேண்டாம். ஒரே தடவையில் மரத்தின் கால் பங்கு இலைக்கு மேல் போகக் கூடாது.

கடைசியாகக் கொடி. உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் கடந்துபோனது இதைத்தான். எனக்குத் தூக்கத்தைக் கெடுப்பதும் இதுதான். மரங்களை முழுக்க மூடியிருக்கும் அந்தக் கொடிகள் ஒட்டுண்ணி அல்ல. மரத்திலிருந்து எதையும் உறிஞ்சுவதில்லை. மேலே ஏறிப் படர்ந்து வெயிலை மறைக்கின்றன, மரம் மெல்ல மெல்லப் பட்டினி கிடக்கிறது. கீழே விழுந்த விதையும் முளைக்க முடிவதில்லை. காட்டோரங்களில் அதிகம் தொல்லை தருவது இரண்டு. மிகானியா அமெரிக்கக் கண்டத்து வெப்பப் பகுதியிலிருந்து வந்தது. இதய வடிவ இலை, கொத்தாக வெள்ளைப் பூ. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இது பெரிய தலைவலி. இன்னொன்று சான்சிபார் வள்ளி. ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் வந்தது. அகன்ற இலை, நுனி வால் மாதிரி நீண்டிருக்கும், இலைக்காம்பு சேருமிடத்தில் சின்னக் கிழங்குகள் காய்த்துத் தொங்கும். வள்ளிக்கிழங்கு என்று யாரும் எடுத்துப் போய் வேகவைத்துவிடக் கூடாது, விஷம்.

2011 ஜூன் 30ஆம் தேதிவரை அந்தப் பாதையில் ரயில் ஓடியது. அந்தக் காலத்தில் ரயில் பாதையோரத்தில் லாலாங் புல் பற்றி எரிந்தால் தீ பரவாமல் தடுக்க நட்டது ஜம்பு லாவுட்டைத்தான், நம் நாவல் மரத்தின் சொந்தம். தீயையே தடுத்து நின்ற மரத்துக்கு இரண்டு கொத்துப் புல்லுருவி பெரிதில்லை. தலையோடு மூடும் கொடியை அதனால் தாங்க முடியாது.

உங்கள் குழுவின் ஏழெட்டுப் பேர் கைக்கும் வேலை இங்கேதான் இருக்கிறது. தேசியப் பூங்காக் கழகத்தில் தொண்டூழியராகப் பதிந்துகொண்டு, ஆக்கிரமிப்புக் கொடிகளை அகற்றும் வேலைக்கு வருகிறோம் என்று சொல்லுங்கள். எங்கே இறங்கலாம், எதைத் தொடக் கூடாது என்று கூட வரும் அதிகாரி காட்டுவார். உள்ளூர்க் கொடிகளும் அதே இடத்தில் இருக்கும், தனியாகப் போனால் அவற்றையும் சேர்த்துப் பிடுங்கிவிடுவோம். முழுக்கைச் சட்டை, கையுறை, கணுக்காலுக்கு மேல் ஏறும் காலணி போட்டுப் போங்கள். உயரத்தில் ஏறிய கொடியை இழுக்க வேண்டாம், மரக்கிளையும் கூடவே முறியும். இடுப்பளவில் வெட்டி விட்டால் மேல்பகுதி தானே காய்ந்துவிடும், அடியை மட்டும் வேரோடு எடுங்கள். மிகானியாத் தண்டு ஈர மண்ணில் கணுவுக்குக் கணு வேர்விடும், அதனால் பிடுங்கியதைத் தரையில் குவிக்காமல் பையில் போடுங்கள். சான்சிபார் வள்ளியை எடுக்கும்போது உதிரும் சின்னக் கிழங்குகளையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டு வாயைக் கட்டிவிடுங்கள். கீழே விட்டது ஒவ்வொன்றும் அடுத்த மழையில் முளைத்துவிடும்.